சைவ உணவு, ஃபெரிட்டின் 6: எங்கே தப்பு நடக்கிறது?

தும்பி:

வணக்கம். எனக்கு 34 வயது. எட்டு வருடமாகச் சைவம், நானே விரும்பி மாறியது. பால், தயிர் உண்டு, முட்டை இல்லை. ஒரு வருடமாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. வேலை அதிகம், தூக்கம் போதவில்லை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டும் அளவு) 6. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்த பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் ஞாபகம் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறேழு மாதமாக ஐஸ் கட்டி மென்று தின்னும் பழக்கம் வந்திருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ரீசரைத் திறந்து, தட்டை முறுக்கி, நாலு கட்டியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் தட்டு முழுவதும் காலி. பல் கூசும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

வீட்டில் எல்லோரும் "மறுபடி கறி சாப்பிடு, எல்லாம் சரியாகும்" என்கிறார்கள். எனக்கு மாற விருப்பமில்லை. தினமும் பேரீச்சை, மாதுளை, பீட்ரூட், வாரம் நாலு நாள் கீரை சாப்பிடுகிறேன். அப்படியும் ஏன் இப்படி?

நூல்கண்டு:

தும்பி, ஐஸுக்கும் இதற்கும் நிச்சயம் சம்பந்தம் உண்டு. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு வரும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. எனக்கும் இருந்தது. யாரிடமாவது சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று இரண்டு வருடம் வெளியே சொல்லவே இல்லை. மாத்திரை தொடங்கிய சில வாரத்தில், ஹீமோகுளோபின் முழுதாக ஏறுவதற்கு முன்பே, அந்த ஆசை தானாகப் போய்விட்டது. அதை நீங்கள் கட்டுப்படுத்தப் போராட வேண்டாம். இரும்பு ஏறட்டும், அது போய்விடும்.

மாதுளை, பீட்ரூட் விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறச் செய்யும் என்று நானும் நம்பியிருந்தேன். உள்ளே இருக்கும் அளவைப் பாருங்கள்: 100 கிராம் மாதுளை முத்தில் 0.3 மி.கி. இரும்பு, பீட்ரூட்டில் 0.8, பேரீச்சையில் சுமார் 1 மி.கி. அதே நேரம் வேகவைத்த மைசூர்ப் பருப்பு ஒரு கப் எடுத்தால் 6.6 மி.கி., கொண்டைக்கடலை ஒரு கப் 4.7, சோயா பீன்ஸ் ஒரு கப் எட்டுக்கு மேல். பூசணி விதை ஒரு கைப்பிடியில் இரண்டு மி.கி.க்குக் குறையாது. சைவத் தட்டில் இரும்பைச் சுமப்பது பருப்பும் பயறும் விதையும்தான். மாதுளை நல்ல பழம், சாப்பிடுங்கள். ஆனால் அது உங்களைத் தூக்கிவிடாது.

செம்பருத்தி:

நான் உணவியல் ஆலோசகராகப் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். தும்பியின் கேள்வியைத் தினமும் யாராவது கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இறைச்சியில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் இரும்பு. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பு எடுத்துக்கொள்ளும். தாவர உணவில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. அதில் 2 முதல் 20 சதவீதம்தான் உள்ளே போகும். எல்லோரும் இந்த இரண்டு வகையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சைவம் என்றால் இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அந்த 2-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கும் பத்து மடங்கு வித்தியாசத்தை. அதே கொண்டைக்கடலை, அதே அளவு. கூட என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்பதைப் பொறுத்து உள்ளே போகும் இரும்பு பல மடங்கு மாறும். உடம்பின் இருப்பு குறைந்திருக்கும்போது குடலும் வழக்கத்தைவிட அதிகமாகவே இழுத்துக்கொள்ளப் பார்க்கும். நாம் அதற்கு வழிவிட்டால் போதும்.

வழியை அடைப்பதில் முதலில் நிற்பது டீயும் காபியும். 1983-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே உணவோடு காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதமும், டீ குடித்தபோது 64 சதவீதமும் குறைந்தது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எந்தத் தடையும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, கூடவே குடித்த அளவுக்குத் தடுத்தது. வயிற்றில் சாப்பாடு இன்னும் இருக்கிறதே, அதனால்தான். ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது: டீ வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்துவிடுங்கள். பிறகு என்றால் இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

அடுத்தது பைட்டேட். தவிடு, முழு தானியம், பயறு எல்லாவற்றிலும் இருக்கிறது, இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது மூன்றுமே அதைக் குறைக்கும்.

வழியைத் திறந்துவிடுவதில் வைட்டமின் சி-க்கு நிகரில்லை. ஆனால் அதே வேளைச் சாப்பாட்டில் இருக்க வேண்டும். காலையில் ஆரஞ்சு, மதியம் பருப்பு என்றால் பலன் இல்லை. சூட்டில் அழிந்துவிடும் சத்து அது, அதனால் எலுமிச்சையை அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு பிழியுங்கள். எலுமிச்சையை மட்டும் நம்பவும் வேண்டாம், ஒரு பழச் சாற்றில் 20 மி.கி. கூடத் தேறாது. பச்சைக் குடைமிளகாய் 100 கிராமில் 80 மி.கி., கொய்யாவில் 200-க்கு மேல்.

கீரை பற்றி ஒரு வார்த்தை. பசலைக்கீரையில் இரும்பு இருக்கிறது, வேகவைத்த ஒரு கப்பில் 6 மி.கி. வரும். ஆனால் அதிலேயே உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் அந்த இரும்பில் பெரும்பகுதியைக் கட்டி வைத்துவிடும். ஃபோலேட்டுக்காகவும் மற்றச் சத்துக்காகவும் தாராளமாகச் சாப்பிடுங்கள். இரும்புக்கு அதையே நம்பி உட்கார வேண்டாம்.

தும்பி, நீங்கள் டீ எப்போது குடிப்பீர்கள்?

தும்பி:

மூன்று வேளையும். சாப்பிடும்போது தண்ணீருக்குப் பதில் டீதான் குடிப்பேன். ஒரு வாய் சாப்பாடு, ஒரு மடக்கு டீ. பெரிய கோப்பை வேறு. எட்டு வருடமாக இதே பழக்கம். இதைப் படித்துவிட்டு இன்று மதியம் கோப்பையைக் கையில் எடுத்து அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

வடமலை:

எல்லாம் நல்ல தகவல். ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. உணவிலேயே சரிசெய்ய முடியும் என்றால் மாத்திரை எதற்கு? டீயை நிறுத்தி, பருப்பும் பழமும் சேர்த்தாலே ஏறிவிடாதா? மாத்திரை போட்டால் மலச்சிக்கல், குமட்டல். என் மனைவி இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் பாதியில் விட்டுவிட்டாள்.

செம்பருத்தி:

வடமலை ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு உடம்பில் சுமார் 3.7 லிட்டர் ரத்தம் இருக்கும். ஹீமோகுளோபின் 9.4-இலிருந்து 13-க்குப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு டெசிலிட்டருக்கும் 3.6 கிராம் கூட வேண்டும். மொத்தம் சுமார் 133 கிராம் ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மி.கி. இரும்பு இருக்கிறது. ஆக 450 மி.கி. இரும்பு ரத்தத்துக்கே தேவை. அதோடு காலியான இருப்பையும் நிரப்ப வேண்டும், அதற்கு இன்னொரு 300-க்கு மேல். கடன் எவ்வளவு என்று பார்த்தீர்களா?

இப்போது வரவு. நல்ல சைவச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 15 மி.கி. இரும்பு கிடைக்கிறது, அதில் 10 சதவீதம் உள்ளே போகிறது என்று வையுங்கள். 1.5 மி.கி. தோல், குடல் வழியாக நாள்தோறும் சுமார் 1 மி.கி. எல்லோருக்கும் போய்விடுகிறது. மாதவிடாய் இருக்கும் பெண்ணுக்கு அதற்கு மேலும். வரவும் செலவும் சரியாகிவிடுகிறது, 750 மி.கி. கடன் அப்படியே நிற்கிறது. ஏறிய பிறகு அதைக் காப்பாற்ற உணவு போதும். இவ்வளவு பள்ளத்திலிருந்து ஏற மாத்திரை வேண்டும்.

பாதியில் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவும் முறையும்தான். ஒருமுறை இரும்பு மாத்திரை போட்டதும் கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அது ஒரு நாள் வரை குடலின் கதவைச் சாத்தி வைக்கிறது. மறுநாள் போடும் மாத்திரை அந்தச் சாத்திய கதவில் மோதுகிறது. உள்ளே போகாத இரும்பு குடலிலேயே தங்கி வயிற்றைத் தொந்தரவு செய்கிறது. 2017-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், இரும்பு இருப்பு குறைந்த 40 பெண்களிடம் 60 மி.கி. அளவைக் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் போட்டவர்களுக்கு 16 சதவீதம் உறிஞ்சப்பட்டது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டவர்களுக்கு 22 சதவீதம் வரை. உங்கள் மனைவி டாக்டரிடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேட்கட்டும். எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிகள், ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியவர்கள் விஷயத்தில் டாக்டர் வேறு முடிவு எடுக்கலாம். தானாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

மாத்திரை அட்டையில் எழுதியிருக்கும் எண்ணையும் சரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி. என்றால் அதில் உண்மையான இரும்பு 35 மி.கி.தான். உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி.யில் 65. பெரிய எண்ணைப் பார்த்து வலுவான மாத்திரை என்று நினைத்துவிடக் கூடாது.

வடமலை:

நன்றி அம்மா. இப்படி யாரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை. மாத்திரையோடு வைட்டமின் சி மாத்திரையும் கட்டாயம் போட வேண்டும் என்கிறார்களே?

செம்பருத்தி:

கட்டாயமில்லை. 2020-இல் 440 பேரிடம் செய்த ஒரு சோதனையில், இரும்பு மாத்திரை மட்டும் போட்டவர்களுக்கும் வைட்டமின் சி சேர்த்துப் போட்டவர்களுக்கும் ஏற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மாத்திரையில் இரும்பு ஏற்கெனவே எளிதில் கரையும் வடிவில் இருக்கிறது. சாப்பாட்டில்தான் சி உண்மையாக உழைக்கிறது.

கரிசல்:

ஒரு எச்சரிக்கை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டாது. சைவம் என்பதால் "இரும்பு குறைவு" என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்து இரண்டு வருடம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு புள்ளி ஏறவில்லை. கடைசியில் வேறொரு டாக்டர் ஃபெரிட்டின் எடுக்கச் சொன்னார். அது தாராளமாக இருந்தது. அப்புறம் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை செய்ததில் தலசீமியா மரபுக்கூறு என்று தெரிந்தது, அதாவது ஹீமோகுளோபின் உருவாவதிலேயே பரம்பரையாக வரும் ஒரு குறை. அதிலும் சிவப்பணுக்கள் சிறியதாக, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவாகவே இருக்கும். பார்க்க இரும்புக் குறைபாடு மாதிரியே தெரியும். தேவையில்லாமல் போட்ட இரும்பு உடம்பில் சேரும், வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. ஃபெரிட்டின் பார்க்காமல் யாரும் மாதக்கணக்கில் மாத்திரை போடாதீர்கள்.

தும்பிக்கு ஃபெரிட்டின் 6 என்பதால் சந்தேகமே இல்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நூல்கண்டு:

கரிசல் தம்பி சொன்னதோடு இன்னொன்று. காய்ச்சல், தொற்று, வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். சளி பிடித்திருந்த வாரத்தில் எடுத்து "நார்மல்" என்று வந்ததை நம்பி நான் நாலு மாதம் வீணாக்கினேன். உடம்பு தேறிய பிறகு எடுங்கள்.

ஊசிமல்லி:

தும்பி, நேரடியாகக் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. மாதவிடாய் எத்தனை நாள்? நாப்கின் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறாய்?

எல்லோரும் உன் தட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். என் கதையில் தட்டில் பெரிய தப்பு இல்லை. ஆறு வருடம் இரும்பு ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். நான் சைவம் என்று சொன்னதுமே எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வி கேட்காமல் விட்டுவிடுவார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்ததில் கருப்பையில் நார்க்கட்டி. மாதாமாதம் வாளியில் ஓட்டையை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏழு நாளுக்கு மேல் போவது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் நனைவது, பெரிய கட்டிகளாகப் போவது, ராத்திரி எழுந்து மாற்றுவது, இதில் எது இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தும்பி:

அக்கா, எட்டு நாள். இரண்டாவது நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று. ராத்திரியில் அலாரம் வைத்து எழுந்து மாற்றுவேன். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இதுவரை ஒரு டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊசிமல்லி:

அது சாதாரணமில்லை கண்ணு. அம்மாவுக்கும் சாதாரணமாக இருந்திருக்காது, அவர்களிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வாரமே நேரம் வாங்கு.

கடலோரம்:

இழையைப் படித்துவிட்டு மனசு கேட்காமல் எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 61 வயது, சைவம். ஹீமோகுளோபின் 10. முதலில் பார்த்த டாக்டர் "சைவம்தானே, சத்து போதவில்லை" என்று சொல்லி டானிக் கொடுத்து அனுப்பினார். எட்டு மாதம் கழித்து இன்னொருவர் பெருங்குடலை உள்நோக்கிப் பார்த்ததில் ரத்தம் கசியும் கட்டி. நல்லவேளை, ஆரம்ப நிலை, அறுவை சிகிச்சையோடு முடிந்தது. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிறும் குடலும் பார்க்கப்பட வேண்டும். உணவைக் காரணம் காட்டி அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட விடாதீர்கள். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

செம்பருத்தி:

கடலோரம், இதை எழுதியதற்கு மிகவும் நன்றி.

தும்பி, போகும்போது பி12-ம் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வருடச் சைவம், முட்டையும் இல்லை. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி நடுவில் நின்று ரிப்போர்ட் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும்.

தும்பி (ஐந்து வாரம் கழித்து):

ஹீமோகுளோபின் 10.9! டாக்டரிடம் கேட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். முதல் வாரம் தினமும் போட்டபோது இருந்த குமட்டல் இப்போது இல்லை. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்தேன், மாத்திரையால் அப்படி வரும் என்றார். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் வீசினாலோ தலைசுற்றல் இருந்தாலோ உடனே வரச் சொன்னார்.

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்க மருந்து தொடங்கியிருக்கிறார்கள். போன மாதம் ஐந்து நாளில் நின்றுவிட்டது, அலாரம் வைக்கவில்லை. பி12-ம் குறைவு, அதற்கும் மாத்திரை.

மதியச் சாப்பாடு மாறிவிட்டது. முதல் நாள் ராத்திரி கொண்டைக்கடலை ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, டப்பாவில் போட்டு, மேலே பச்சைக் குடைமிளகாயைப் பொடியாக நறுக்கி வேகவைக்காமல் அப்படியே தூவுகிறேன். எலுமிச்சை சாப்பிடும்போதுதான் பிழிகிறேன். டீயை விடவில்லை, காலை எழுந்தவுடன் ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று. சாப்பாட்டோடு வெறும் தண்ணீர். முதல் பத்து நாள் கை தானாகக் கோப்பையைத் தேடியது.

ஐஸ் தட்டு ஃப்ரீசரில் அப்படியே இருக்கிறது. எந்த நாளில் ஆசை நின்றது என்றே தெரியவில்லை.

ஒரு கேள்வி: தயிரையும் சாப்பாட்டிலிருந்து விலக்க வேண்டுமா? கால்சியம் தடுக்கும் என்கிறார்களே.

செம்பருத்தி:

தயிரை விடாதீர்கள். கால்சியம் ஒரு வேளை உணவில் தடுப்பது உண்மைதான், ஆனால் பல உணவு சேர்ந்த அன்றாடச் சாப்பாட்டில் அதன் பாதிப்பு சிறிது. கால்சியம் மாத்திரை போட்டால் மட்டும் இரும்பு மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

தும்பி (மூன்றரை மாதம் கழித்து):

ஹீமோகுளோபின் 12.6. ஃபெரிட்டின் 19. மூச்சு வாங்குவது சுத்தமாக இல்லை. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தே இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா? வீட்டில் "அதான் நார்மல் ஆகிவிட்டதே" என்கிறார்கள்.

நூல்கண்டு:

நிறுத்தாதே தும்பி! நான் செய்த தப்பு இதுதான். 12.4 வந்ததும் நிறுத்தினேன், ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே போனேன். உடம்பு முதலில் ரத்தத்துக்குக் கொடுக்கும், மிச்சத்தைத்தான் கிடங்கில் சேர்க்கும். உன் கிடங்கு இப்போதுதான் நிரம்பத் தொடங்கியிருக்கிறது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் போலத் தொடரச் சொல்வார்கள். டாக்டரிடம் ஃபெரிட்டின் 19 என்பதைச் சொல்லியே கேள்.

வடமலை:

என் மனைவியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறையில் இரண்டரை மாதத்தை முடித்துவிட்டாள். இந்த முறை விடவில்லை. 10.1-இலிருந்து 12. பேத்தி வீட்டுக்கு வருவதால் மாத்திரையைப் பூட்டிய அலமாரியில் வைத்திருக்கிறோம். சின்னக் குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். எல்லோரும் கவனமாக இருங்கள்.

புதுத்தளிர்:

இன்றுதான் முழு இழையும் படித்தேன். எனக்கு 22 வயது, சைவம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, ராத்திரி கால்களை ஆட்டாமல் படுக்க முடியவில்லை. ஹீமோகுளோபின் 12.1, அதனால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஃபெரிட்டின் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

தும்பி (ஏழு மாதம் கழித்து):

கட்டாயம் கேளு தங்கச்சி. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே கிடங்கு காலியாகிவிடும், கால் குறுகுறுப்பும் முடி கொட்டுவதும் அப்போதே வரலாம். சளி, காய்ச்சல் இல்லாத நாளில் எடு. பி12-ம் சேர்த்து எடு. மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ, அவர்கள் கேட்காவிட்டாலும் நீயே சொல்.

எனக்குப் போன வாரம் ஃபெரிட்டின் 44. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கொண்டைக்கடலை இன்று ராத்திரியும் ஊறிக்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுது, நாங்கள் பார்க்கிறோம்.